மெருகு மேசையின் காற்றை அளந்த நாள்

எஸ்பிரிட்டோ சாண்டோ மாநிலம், பெட்ரா ஆல்ட்டா நகரக் காவல் நிலையம். ஸேர்ரா கிளாரா கல் பட்டறையில் தூசு அளவீடு பொய்யாகச் செய்யப்பட்டது குறித்த விசாரணையில், சாட்சி டல்வினா பிசோலி நேரில் வந்து சொல்லியதை எழுத்தர் எழுதிக்கொண்டது:

என் பெயர் டல்வினா பிசோலி. வயது நாற்பத்து மூன்று. கணவர் பெயர் ஒசியாஸ் பிசோலி. தேவாலய மேட்டுத் தெருவில் சொந்த வீட்டில் குடியிருக்கிறோம். நகராட்சிப் பள்ளியில் மதிய உணவு சமைக்கும் வேலை செய்கிறேன். எங்களுக்கு டைனாரா என்று ஒரே மகள். இந்த வழக்கில் சொல்லப்படும் வால்டெசிர் ஸானெட்டி என் மகளின் ஞானத்தகப்பன். அவருக்கும் எனக்கும் இதற்கு முன் எந்த விரோதமும் கிடையாது. அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிட்டு வந்தேன்.

என் கணவர் திருமணத்திற்கு முன்பிருந்தே ஸேர்ரா கிளாராவில் கல் மெருகு போடும் வேலை பார்த்தவர். அங்கே சமையல் மேடைக்கும் குளியலறைக்கும் வேண்டிய கற்களை அறுத்து, விளிம்பைத் தேய்த்து, பளபளப்பாக்கி அனுப்புவார்கள். வால்டெசிர் அவருக்கு அடுத்த மேசையில் நின்றார். அப்போதெல்லாம் கல்லைக் காய்ந்தபடியே தேய்ப்பார்கள். என் கணவர் வீட்டுக்கு வரும்போது கண் இமை வரை வெள்ளையாக இருக்கும். அவர் சட்டையை நான் தனியாகத்தான் துவைப்பேன். துவைத்த தண்ணீர் வாளியின் அடியில் சேறாகப் படியும்.

பிறகு அமரில்டோ என்ற மெருகுக்காரர் மூச்சு முட்டி இறந்துபோனார். அவருக்கு என் கணவரைவிட வயது குறைவு. அதன் பிறகு அரசின் தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் வந்து, கல்லைத் தண்ணீர் ஓடவிட்டுத்தான் தேய்க்க வேண்டும், தூசை உறிஞ்சும் விசிறி மேசைக்கு மேசை வேண்டும், காற்றுக் குழாயால் உடம்பிலுள்ள தூசை ஊதக் கூடாது, முகத்தோடு ஒட்டி நிற்கும் மாஸ்க் தர வேண்டும், ஆட்கள் மூச்சில் எவ்வளவு சிலிக்காத் தூசு போகிறது என்று அளந்து காட்ட வேண்டும் என்றெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதைக் கண்காணிக்கத் தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவரைப் பதவிக் காலத்தில் வேலையை விட்டு எடுக்க முடியாது என்பது சட்டம். எதையும் தைரியமாகப் பேசுவார் என்று வால்டெசிரை நிறுத்தினார்கள். என் கணவர் வீடு வீடாகப் போய் அவருக்கு ஓட்டுக் கேட்டார். எங்கள் முற்றத்தில் வைத்துத்தான் வெற்றியைக் கொண்டாடினார்கள்.

அந்த வாரமே வால்டெசிர் சவரக் கத்தியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கணவர் அப்போது பெரிய தாடி வைத்திருந்தார்.

"இந்தக் காட்டை வச்சிக்கிட்டு மாஸ்க் போட்டா தூசுக்கு வாசக்கதவைத் தொறந்து வச்ச மாதிரி. உக்காரு மச்சான்" என்றார்.

"தாடி இல்லாம பாத்தா இவ என்னை வீட்டுக்குள்ள விடமாட்டாடா" என்றார் என் கணவர்.

"தாடியோட விட்டதே பெரிசு" என்றேன் நான்.

வால்டெசிர் தன் கையாலேயே சவரம் செய்துவிட்டார். மாஸ்க்கை மாட்டி, ஓரங்களை விரலால் தடவிப் பார்த்து, மூச்சை இழுக்கச் சொல்லி, எங்கேயும் காற்று புகவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் காபி குடித்தார். அன்று அவர் செய்தது எதுவும் நடிப்பு இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

அதன் பிறகு சில மாதங்கள் பட்டறையில் தண்ணீர் ஓடியது. என் கணவர் முழங்கால் வரை நனைந்து வருவார். சட்டையில் தூசு இருக்காது.

அதன் பிறகு காற்றை அளக்கும் நாள் வந்தது. நான் அங்கே இல்லை. அன்று மாலை என் கணவர் சொன்னதை வைத்துச் சொல்கிறேன். வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் வந்து, இடுப்பில் கட்டும் சின்னப் பம்பு ஒன்றை வால்டெசிருக்குக் கட்டினார். அதிலிருந்து ஒரு குழாய் தோள் வழியாக வந்து சட்டைக் காலர் பக்கம் ஒரு டப்பாவில் முடியும். அந்த டப்பாவுக்குள் இருக்கும் வடிதாளில் படிகிற தூசைத்தான் நிறுத்துப் பார்ப்பார்களாம். மெருகு மேசையில்தான் தூசு அதிகம் என்பதாலும், தொழிலாளர்களின் ஆள் என்பதாலும் வால்டெசிருக்குக் கட்டியிருக்கிறார்கள். இவ்வளவையும் சொன்ன என் கணவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. பீன்ஸைத் தட்டில் ஒதுக்கி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். நான் களைப்பு என்று நினைத்தேன்.

பிறகு முடிவு வந்தது. காற்றில் உள்ள தூசு அனுமதித்த அளவுக்கும் கீழே இருப்பதாக வால்டெசிரே சாப்பாட்டுக் கூடத்தில் நின்று எல்லோருக்கும் அறிவித்தார். கை தட்டினார்களாம். அதன் பிறகு பழுது பார்க்க என்று விசிறிகளைக் கழற்றினார்கள். அவை திரும்பி வரவில்லை. தண்ணீர் பட்டால் ஒட்டுப் பசை காய்வதில்லை, வேலை தாமதமாகிறது என்று விளிம்பு தேய்க்கும் மேசைகளில் தண்ணீர்க் குழாயையும் எடுத்துவிட்டார்கள். மாஸ்க் தீர்ந்த பிறகு துணி மாஸ்க் கொடுத்தார்கள். யாராவது கேட்டால், காற்றுதான் சரியாக இருக்கிறதே என்று பதில் வரும். அந்தச் சமயத்தில் வால்டெசிர் மெருகு மேசையை விட்டு விற்பனைக் கூடத்துக்கு மாறினார். முழங்கால் வலி, நிற்க முடியவில்லை என்று எங்களிடம் சொன்னார். நானே அவருக்குத் தைலம் கொடுத்தனுப்பினேன். என் கணவரின் சட்டை மறுபடி வெள்ளையாக வரத் தொடங்கியது.

அதன் பிறகு என் கணவருக்கு இருமல் வந்தது. முதலில் தேவாலய மேட்டில் ஏறும்போது நடுவில் நின்று யாருடைய வேலியையாவது பார்ப்பது போலப் பாவனை செய்வார். பிறகு செருப்பு மாட்டவே உட்கார வேண்டியதாயிற்று. விட்டோரியா நகர மருத்துவமனையில் மருத்துவர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்து, கல் தூசால் வரும் சிலிகோசிஸ் என்றும், நுரையீரலில் தழும்பு விழுந்துவிட்டது, அது ஆறாது என்றும் சொன்னார். பட்டறையில் விசாரித்தபோது, எங்கள் காற்று அளந்து சுத்தமென்று தெரிந்த காற்று, அவர் சிகரெட்டால் கெடுத்துக்கொண்டிருப்பார் என்றார்கள். என் கணவர் வாழ்நாளில் புகை பிடித்ததில்லை.

அந்த நாட்களில் வால்டெசிர் எங்களுக்குச் செய்த உதவியை மறைக்க மாட்டேன். ஒவ்வொரு முறையும் தன் காரில்தான் விட்டோரியாவுக்குக் கூட்டிப் போனார். ஆக்சிஜன் இயந்திரத்தைத் தோளில் சுமந்து வந்து வைத்தவரும் அவர்தான். "அண்ணே, நீங்க இல்லைன்னா நாங்க என்ன ஆயிருப்போம்" என்று நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகு என் தங்கை லுசிமாரை அவள் கணவன் விட்டுவிட்டுப் போய்விட்டான். அவளுக்கு வேலை தேவைப்பட்டது. பட்டறையில் விளிம்பு தேய்க்க ஆள் எடுக்கிறார்கள், பெண்கள் கை பொறுமையான கை என்று வால்டெசிர் சொன்னார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர், "போகட்டுமே" என்றார். என் கணவர் நின்ற அதே மேசையை அவளுக்குக் கொடுத்தார்கள்.

இந்த ஆண்டு புனித வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை காலை மீன் சந்தையில் இவோனெட்டேயைப் பார்த்தேன். அவர் ஸேர்ரா கிளாராவின் விற்பனைக் கூடத்தில் காபி போட்டுக் கொடுத்து, தரை துடைத்தவர். இப்போது அங்கே இல்லை. என் கணவரைப் பற்றி விசாரித்தார். நான், காற்று சுத்தமாக இருந்தும் இவருக்கு மட்டும் இப்படி வந்ததே என்று சொல்லி வருந்தினேன்.

"எந்தக் காத்து?" என்றார் இவோனெட்டே.

"அதான், மெஷின் கட்டி அளந்தாங்களே."

"இடுப்புல கட்டுறது, குழாய் வச்சது, அதுவா? அது அன்னிக்கு எங்க ஏசி ரூம்ல கோட்டு மாட்டுற கொக்கியிலல்ல தொங்கிச்சு."

அவரே தொடர்ந்தார்.

"காலையில வால்டெசிர் கொண்டாந்து மாட்டினாரு. 'என்னண்ணே, இது எதுக்கு இங்க கெடக்கு'ன்னு கேட்டேன். 'அது பாவம், தூசு தின்னு களைச்சுப் போச்சு, கொஞ்ச நேரம் ஏசியில இருக்கட்டும்'னாரு. நானும் சிரிச்சிட்டுப் போயிட்டேன் டல்வினா. அது என்னன்னு எனக்குத் தெரியுமா? முதலாளியோட வெளியே சாப்பிடப் போன அந்த வெளியூர்க்காரரு சாயங்காலம் திரும்புறதுக்குள்ள வால்டெசிரே எடுத்துட்டுப் போயிட்டாரு."

அவர் கையிலிருந்த மீன் பை ஒழுகி என் காலில் சொட்டியது. வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

அதை நான் என் கணவரிடம் சொல்லவில்லை. உயிர் நண்பன் செய்த காரியம், தெரிந்தால் தாங்க மாட்டார் என்று பயந்தேன்.

பெரிய வெள்ளியன்று பகலில், எல்லா ஆண்டும் போல வால்டெசிர் பனங்குருத்து எடுத்துக்கொண்டு வந்தார். அன்று செய்யும் மீன் பணியாரத்துக்குக் குருத்து கொண்டு வருவது அவர், சமைப்பது நான். டைனாரா ஓடிப்போய் ஆசீர்வாதம் கேட்டாள். "கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும் மகளே" என்று அவள் தலையில் கை வைத்தார். அவளைக் கடைக்கு அனுப்பிவிட்டு, சமையலறையில் வைத்துக் கேட்டேன்.

"அண்ணே, காத்து அளந்த அன்னிக்கு அந்த மெஷின் எங்க இருந்துச்சு?"

"யாரு சொன்னா?"

"எங்க இருந்துச்சுன்னு கேட்டேன். யாரு சொன்னான்னா கேட்டேன்?"

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "தங்கச்சி, நிஜ அளவு போயிருந்தா அந்தப் பிரிவையே மூடிட்டு வேலையை வெளியே குடுத்துருவேன்னு முதலாளி சொல்லிட்டாரு. அத்தனை குடும்பமும் தெருவுல நின்னிருக்கும். விசிறி, தண்ணியெல்லாம் அப்படியே இருக்கும்னு எனக்கு வாக்குக் குடுத்தாரு. அப்புறம் பிடுங்குவாருன்னு நான் கண்டனா?"

"பிடுங்கினப்ப வாயைத் தொறக்க வேண்டியதுதான? உங்களைத்தான் யாரும் வேலையை விட்டு எடுக்க முடியாதே. அதுக்குத்தான உங்களை நிறுத்துனாங்க?"

அவர் கொண்டு வந்த குருத்தை எடுத்து மேசையில் நகர்த்தி வைத்தார்.

"முழங்கால் வலிக்குத் தைலம் கேட்டீங்களே, அதாவது நிஜமா?"

இதைக் கேட்டதும் அவர் முகம் சிவந்தது. "எல்லாத்தையும் என் தலையில கட்டாதே. ஒசியாஸைக் கேளு. அவன் அடுத்த மேசைதான். அன்னிக்கு நான் உள்ளே இல்லாதப்ப என் கல்லையும் சேர்த்துத் தேய்ச்சவன் அவன்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அதன் பிறகு நான் என் கணவரின் அறைக்குப் போனேன். இடையில் கதவு கிடையாது, திரைதான். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. மூக்கில் குழாயோடு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும்" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "மூடிருவாங்கன்னான். நான் சரின்னேன். அவன் தனக்கு ஷோரூம் வேலை பேசி வச்சிருந்தது எனக்குத் தெரியாது. சத்தியமா. அதை அவன் எங்கிட்டச் சொல்லல" என்றார்.

அதைச் சொல்லும்போது அவர் கண்ணில் நீர் வந்தது. நண்பன் ஏமாற்றியதற்காக அழுதார். நான் கட்டில் ஓரத்தில் நின்றேன், உட்காரவில்லை.

"லுசிமார் அந்த மேசைக்குப் போறப்பவும் தெரியுமில்ல?"

அவர் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு, "அவளுக்கு வேலை வேணும்னு நீதான கெடந்து துடிச்சே" என்றார்.

அடுப்பை அணைத்துவிட்டு, கடையிலிருந்து வந்த டைனாராவை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு, நேராக லுசிமார் வீட்டுக்கு நடந்தேன். மத்தியானம் சிலுவை ஊர்வலம் எதிரே வந்தது. ஒதுங்கி நின்று அது போன பிறகு நடந்தேன்.

லுசிமார் முழுவதையும் கேட்டாள். கேட்டுவிட்டு அழவில்லை.

"தினமும் வேலை முடிஞ்சு உன் வீட்டு வழியாத்தானக்கா வருவேன். அத்தான் ஜன்னல்ல உக்காந்திருப்பாரு. 'என்ன லுசி, அதுக்குள்ள நரைச்சிட்டே'ன்னு தூசு படிஞ்ச என் தலையைப் பாத்துக் கேலி பண்ணுவாரு. நானும் சிரிப்பேன். அவர் தலையும் அப்படித்தான நரைச்சுது? அப்பக்கூட அவருக்குச் சொல்லத் தோணலியா?" என்றாள்.



ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை லுசிமார் வேலைக்குப் போய், தண்ணீர்க் குழாய் கொண்டு வந்தால்தான் கல் தேய்க்கும் கிரைண்டரைத் தொடுவேன் என்று மேசை முன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். மேஸ்திரி, "ராணியம்மாவுக்குக் குளிக்கணுமோ?" என்று கேட்டாராம். அவள், "நான் வீட்டுல குளிச்சுக்குவேன், முதல்ல கல்லைக் குளிப்பாட்டு" என்றாளாம். முற்பகலுக்குள் அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆனால் அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பெண்கள் கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டு வந்தார்கள். நாங்கள் சேர்ந்து தொழிலாளர் ஆய்வாளர்களிடம் போய்ப் புகார் கொடுத்தோம். இவோனெட்டேயும் வந்து தான் கண்டதைச் சொன்னார்.

அதன் பிறகு ஆய்வாளர்கள் முன்னறிவிப்பில்லாமல் பட்டறைக்கு வந்து, அதே மேசைகளில் நின்றவர்கள் இடுப்பில் பம்பைக் கட்டி, மாலை வரை பக்கத்தை விட்டு நகராமல் நின்று அளந்தார்கள். தூசு அனுமதித்த அளவைவிடப் பல மடங்கு என்று தெரிந்தது. காய்ந்த கல்லைத் தேய்த்த மேசைகள் எல்லாவற்றுக்கும் அன்றே முத்திரை வைத்தார்கள். அங்கே வேலை செய்தவர்கள் எல்லோரையும் நெஞ்சுப் படம் எடுக்க அனுப்பினார்கள். லுசிமார் படத்தில் இதுவரை ஒன்றும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். பழைய மெருகுக்காரர்கள் இரண்டு பேர் படத்தில் தழும்பு இருக்கிறது. அவர்கள் இருவரும் சாப்பாட்டுக் கூடத்தில் அன்று கை தட்டியவர்கள்.

என் கணவர் நோய்க்காகப் பட்டறை மேல் தனியாக வழக்குத் தொடுத்திருக்கிறோம். அளவீட்டில் நடந்தது அவருக்கு முன்பே தெரியும் என்று நான் இங்கே சொன்னால், எதிர்த் தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும், வழக்கு பலவீனமாகும் என்று எங்கள் வழக்கறிஞர் எச்சரித்தார். என் கணவரும் நேற்று, "வால்டெசிரைப் பத்தி எல்லாம் சொல்லு. என் பேரை மட்டும் விட்டுடு. டைனாரா பெரியவளாகி அதைப் படிக்க வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டார். நான் எதற்கும் வாக்குக் கொடுக்கவில்லை. எனக்குத் தெரிந்தவர்களில் யார் யாருக்கு இது தெரியும் என்று தாங்கள் கேட்டதற்கு மூன்று பேர் என்று பதில் சொன்னேன். முதலாளி ஆர்லிண்டோ கோராசா, வால்டெசிர் ஸானெட்டி, என் கணவர் ஒசியாஸ் பிசோலி. ஒரு பெயரை விட்டால் அது உண்மையாகாது.

இப்போதும் கணவரோடுதான் வசிக்கிறேனா என்று தாங்கள் கேட்டீர்கள். ஆம். அவருக்குச் சோறு ஊட்டுவதும், முதுகு துடைப்பதும், இயந்திரத்தின் குழாயைக் கழுவி மாட்டுவதும் நான்தான். தேவையானதைப் பேசிக்கொள்கிறோம். லுசிமார் இப்போது எங்கள் தெரு வழியாக வருவதில்லை.

வால்டெசிருக்குத் தண்டனை வேண்டுமா என்று கேட்டீர்கள். அதைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். என் மகள் அவரிடம் இனி ஆசீர்வாதம் கேட்க மாட்டாள். அது மட்டும் என் கையில் இருக்கிறது.

எழுத்தர் இதுவரை எழுதியதை எனக்கு உரக்க வாசித்துக் காட்டினார். அதோடு சேர்த்த வழக்கின் சுருக்கத்தில் 'சம்பந்தப்பட்டவர்கள் கவனக்குறைவாகத் தொழிலாளர்களைத் தூசுக்கு ஆளாக்கினார்கள்' என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியைத் திருத்தச் சொன்னேன். வால்டெசிர் பம்பை இடுப்பிலிருந்து கழற்றி, சுத்தமான அறையாகப் பார்த்து மாட்டி, நிபுணர் திரும்பி வரும் நேரத்துக்குள் எடுத்து மறுபடி கட்டியிருக்கிறார். அவருடைய கல்லை இன்னொருவர் தேய்த்து முடித்து வைத்திருக்கிறார். இதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கவனமாகத்தான் செய்திருக்கிறார்கள். எழுத்தர் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, 'தெரிந்தே' என்று மேலே எழுதினார். அடித்த இடத்தின் ஓரத்தில் என்னையும் சுருக்கொப்பம் இடச் சொன்னார், இட்டேன்.

திருத்திய பிறகு மறுபடி வாசிக்கக் கேட்டேன். நான் கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் சொல்லியிருக்கிறேன். யாரும் சொல்லிக் கொடுத்துச் சொல்லவில்லை, யாருக்காகவும் எதையும் குறைக்கவில்லை. இவை உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) டல்வினா பிசோலி

என் முன்னிலையில் எழுதப்பட்டு, சாட்சிக்கு இருமுறை வாசித்துக் காட்டப்பட்டது. ஒரு சொல் திருத்தம் உண்டு.

(ஒப்பம்) எழுத்தர், பெட்ரா ஆல்ட்டா காவல் நிலையம்